தோட்டத்துச் சீதபேதியும் குடசப்பாலைப் பட்டையும்

ரப்பர் தோட்டத்து வரலாறு என்றதும் மலேரியாக் காய்ச்சல்தான் பலரின் நினைவுக்கு வருகிறது. தோட்டத் தமிழர்களின் உயிரைக் குடித்த இன்னொரு நோயும் உண்டு. அதுதான் சீதபேதி. இந்நோய்க்குத் தமிழகத்து வைத்தியர்கள் அறிந்திருந்த பழைய மருந்து குடசப்பாலை மரத்தின் பட்டை.

கசப்பு மிகுந்த இப்பட்டையைக் கஷாயமாகக் காய்ச்சிக் கொடுப்பது சித்த, ஆயுர்வேத வைத்தியர்களின் வழக்கம். ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கும் குடஜாரிஷ்டம் இதிலிருந்து செய்யப்படுவதுதான்.

இதன் வரலாற்றில் டச்சுக்காரர்களுக்கும் பங்குண்டு. 1641இல் மலாக்காவையும் 1663இல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது ஒரே டச்சுக் கம்பெனி. மலபாரில் அதன் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரின் துணையோடு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலின் முதல் தொகுதியிலேயே இம்மரம் இடம்பெற்றது. பின்னாளில் 'தலைச்சேரிப் பட்டை' என்ற பெயரில் ஐரோப்பியரும் இதை அறிந்தனர். இதிலுள்ள கோனெஸ்ஸின் என்ற பொருளை 19ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுத்து, அமீபாவால் வரும் சீதபேதிக்குப் பயன்படுத்தினர்.

இவ்வளவு புகழ்பெற்ற மருந்து இருந்தும் தோட்டங்களில் சாவு ஏன் நிற்கவில்லை?

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்த ஆண்டுகளில் மலாயாவெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். லயங்களில் நெரிசல். குடிக்க ஆற்று நீரும் திறந்த கிணற்று நீரும். முறையான கழிப்பிடம் இல்லை. கஷாயம் குடித்துத் தேறியவர் மறுநாள் அதே நீரைத்தான் குடித்தார். சீதபேதி ஒரே நோயும் அல்ல. அமீபாவால் வருவது ஒரு வகை. 1897இல் ஜப்பானியரான கியோஷி ஷிகா கண்டறிந்த பாக்டீரியாவால் வருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றில் முதலாளிகளுக்குப் பொறுப்பு வைத்தது. நல்ல நீரும் கழிப்பிடமும், தோட்டத்து டிரெசரின் கவனிப்பும் வந்து சேர்ந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

இன்றும் இப்பட்டை விற்பனையில் உண்டு. வெட்பாலைப் பட்டையை இதன் பெயரில் விற்பதும் உண்டு. தயாரித்த மருந்துகளாக வருபவற்றை மலேசியச் சுகாதார அமைச்சு 1992 முதல் பதிவு செய்து வருகிறது. வாங்குவோர் அந்தப் பதிவு எண்ணைப் பார்ப்பது நல்லது. குழந்தைக்குப் பேதி என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல்தான் முதலுதவி. இரத்தம் கலந்து போனால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முன்னோரின் பட்டை வைத்தியம் பெருமைக்குரியதுதான். ஆனால் நோய் வந்தபின் கொடுக்கும் கஷாயத்தைவிட, நோய் வராமல் காக்கும் நல்ல தண்ணீரே பெரிய மருந்து. தோட்டத்து மக்கள் பல உயிர்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் இது.