தலையெழுத்தும் விரல் மையும்

தேர்தல் நாளில் இடக்கைச் சுட்டுவிரலில் இடப்படும் மையை 'அழியா மை' என்கிறோம். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இப்பெயர் என்னை நெடுநாள் உறுத்தியதுண்டு. ஏனெனில் அந்த மை அழிந்துவிடுகிறது. சில வாரங்களில் தோலிலிருந்தும், சில மாதங்களில் நகத்திலிருந்தும் தடமின்றி நீங்கிவிடுகிறது. மெய்யாகவே அழியாத மையை இந்நாட்டு மக்களின் உடலில் அரசு எழுதிய காலம் ஒன்று இருந்தது. அவ்விரு மைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1797இல் வங்காள மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒழுங்குவிதியை இயற்றியது. அதன்படி ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் அவர்தம் பெயரும் குற்றமும் உள்ளூர் மொழியில் பச்சை குத்தப்பட்டன. சென்னை மாகாணமும் பின்னர் இம்முறையைப் பின்பற்றியது. தப்பியோடும் கைதியை எங்கும் அடையாளம் காண்பதே நோக்கம். இந்த வழக்கம் 'கோத்னா' எனப்பட்டது. குத்துதல் என்று பொருள்படும் இதே சொல்தான் வட இந்தியப் பெண்கள் கைகளிலும் கால்களிலும் விரும்பிக் குத்திக்கொள்ளும் அணிக்கோலத்துக்கும் வழங்குகிறது. அணிக்கும் இழிவுக்கும் சொல் ஒன்றே. யாருடைய விருப்பத்தால் குத்தப்பட்டது என்பதே வேறுபாடு. தமிழில் விதியைத் 'தலையெழுத்து' என்கிறோம். கம்பெனி அரசு அதனை உவமையாக அன்றி ஊசியாலேயே எழுதியது.

ஊசி மேல்தோலைக் கடந்து அடித்தோலில் நிறமியைச் சேர்க்கிறது. உடல் அதனை அயற்பொருளாகக் கருதி, விழுங்கு செல்களை அனுப்புகிறது. அவை நிறமித் துகள்களை விழுங்குகின்றனவேயன்றிச் செரிக்க இயலுவதில்லை, அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றன. ஒரு செல் மடிந்தால் அது விடுவிக்கும் துகள்களை அண்டையிலுள்ள இன்னொரு செல் விழுங்கிக்கொள்கிறது. உடலின் காவல் அமைப்பே எழுத்தைக் காப்பாற்றுகிறது. இன்று லேசர் ஒளி அத்துகள்களைச் சிதைக்கிறது. சிறுதுகள்களை நிணநீர் சிறிது சிறிதாக அகற்றுகிறது. அன்று அத்தகைய வழி ஏதுமில்லை. கைதிகள் முடியை முன்னே வளர்த்தும், தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டியும் எழுத்தை மறைத்தனர். தண்டனை நீக்கப்பட்டாலும், தீர்ப்பே தவறு எனத் தெரிந்தாலும், நெற்றி எழுத்தைத் திரும்பப் பெற அரசாலும் இயலாது. 1849இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவுக்கும் மை தேவைப்பட்டது; காரணம் வேறு. ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க வேண்டும். கோடிக்கணக்கானோரிடம் அடையாள ஆவணம் இல்லை. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 3,89,816 குப்பி மை பயன்பட்டது. 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரிலுள்ள கர்நாடக அரசு நிறுவனம் இதனைத் தயாரித்து வழங்குகிறது. 1937இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கு, வண்ணத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

இந்த மையின் உயிர்ப்பொருள் வெள்ளி நைட்ரேட். வெள்ளி அயனிகள் தோலின் உப்போடும் கெரட்டின் புரதத்தோடும் பிணைகின்றன. ஒளி பட்டதும் கருக்கின்றன. சோப்பும் எண்ணெயும் பயன்தராமைக்குக் காரணம், மை தோலின் மேல் படியாமல் தோலோடு வினைபுரிந்துவிடுவதே. ஆயினும் அது தங்குவது மேல்தோலின் இறந்த செல்களில் மட்டுமே. அச்செல்கள் இயல்பாக உதிரும்போது மையும் உதிர்கிறது. நகத்தின் அடியில் பட்ட மை, நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கிறது. வாக்காளரின் உடலே தனக்குரிய காலத்தில் அதனை நீக்கிவிடுகிறது.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள், மையை அகற்ற முயல்வோரையும் எதிர்நோக்கின. விரலைக் காட்ட மறுப்பவருக்கும், மையை நீக்கும் நோக்கில் ஏதேனும் செய்பவருக்கும் வாக்குச்சீட்டு இல்லை. அதே விதி, இடக்கைச் சுட்டுவிரல் இல்லாதவருக்கு வேறு விரல், இடக்கையில் விரல்களே இல்லாதவருக்கு வலக்கை விரல், இரு கைகளிலும் விரல்களே இல்லாதவருக்குக் கையின் நுனி என வரிசைப்படுத்துகிறது. எவரும் விடுபடலாகாது என்னும் கவலை அவ்வறட்டுச் சட்டமொழியில் தெரிகிறது. முதல் விதி ஐயுறுகிறது, இரண்டாவது அரவணைக்கிறது. இரண்டும் ஒரே விரலைப் பற்றியவை.

இந்த மை வாக்குச்சாவடியோடு நிற்கவில்லை. 2016 நவம்பரில் பழைய பணத்தாளை மாற்ற வங்கி வரிசையில் நின்றவர்களின் விரலில் அது இடப்பட்டது. 2020 மார்ச்சில் மகாராட்டிரத்தில் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர்களின் புறங்கையில் முத்திரையாகப் பதிந்தது. அம்முத்திரையோடு பயணம் செய்தோர் தொடர்வண்டியிலிருந்து இறக்கப்பட்டனர். வேதிப்பொருள் ஒன்றே, அது சொன்ன செய்தி மாறிவிட்டது. வாக்களித்த விரலை மக்கள் உயர்த்திக் காட்டினர். முத்திரையிட்ட கையை மறைத்தனர், நெற்றியை மறைத்த கைதிகளைப் போல.

எனவே மையைப் பற்றிய கேள்வி, அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதோடு முடிவதில்லை. அதைத் தாங்குபவர் காட்ட விரும்புகிறாரா, மறைக்க விரும்புகிறாரா என்பதையும் கேட்க வேண்டும். தன் குடிமக்களின் உடலில் எழுதும் அரசு, அவ்வெழுத்து உதிரவும் இடம் தர வேண்டும். தேர்தல் மையின் பெருமை, அது அழியாமல் நிற்பதிலன்று. வேலை முடிந்ததும் அழிந்துபோவதில்தான்.