இரவல் ஒலிகளும் சொந்தப் புள்ளிகளும்

பழைய கணினி விளையாட்டுகளின் சாயலில் இன்றும் பொழுதுபோக்காக ஆட்டம் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் நிரல் எழுதத் தெரிந்தவர்கள். ஆனால் ஆட்டம் என்பது நிரல் மட்டுமன்று. அதில் ஓடுவதற்கு ஓர் உருவம் வேண்டும். அது குதிக்கும்போது ஓர் ஓசை வேண்டும். இவற்றை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இலக்கியம் பேசும் இவ்விடத்தில் அதை எழுதத் துணிந்ததற்குக் காரணம், ஆக்கியவனின் பெயர் ஆக்கத்தோடு எவ்வளவு தூரம் பயணிக்கும், எந்த இடத்தில் கழன்று விழும் என்பது ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நமக்கும் தெரிந்த துயரம் என்பதுதான்.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். 1985இல் வெளிவந்த அமிகா கணினியின் ஒலிச்சில்லு ஒரே நேரத்தில் நான்கு ஒலித்துணுக்குகளை இசைக்க வல்லது. 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அதற்காக ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளை எழுதினார். ஸ்வரங்கள் இடமிருந்து வலமாக அல்லாமல், மேலிருந்து கீழாக எண்களும் எழுத்துகளுமாக ஓடும். நான்கு பத்திகள், பத்திக்கு அறுபத்து நான்கு வரிகள். இசைக்குறிப்பு எழுதிப் பழகாதவனும் தட்டச்சுப் பலகையைக் கொண்டே பாட்டமைக்கலாம். வணிகச் சரக்காக வந்த அந்த மென்பொருளை ஆர்வலர்கள் பிரித்துப் பார்த்தார்கள்; திருத்தினார்கள்; நாய்ஸ்டிராக்கர், புரோடிராக்கர் என்று வெவ்வேறு பெயர்களில் உலவ விட்டார்கள்.

இதன் கோப்பு வடிவத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘மாட்’ எனப்படும் அந்தக் கோப்பில் பாட்டின் குறிப்புகள் மட்டுமல்ல, அப்பாட்டுக்கு வேண்டிய ஒலித்துணுக்குகளும் சேர்ந்தே அடங்கியிருக்கும். ஆகவே ஒருவர் செய்த பாட்டை எவரும் திறந்து பார்க்கலாம். எந்த வரியில் எந்த வாத்தியம் நுழைகிறது என்று கற்றுக்கொள்ளலாம். அந்த முரசொலி பிடித்துப்போனால் அதைத் தனியே எடுத்துத் தன் பாட்டில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இல்லாத வீடு அது. ஒரு தலைமுறையே இப்படித்தான் இசை பயின்றது. ஒரு முரசொலி எத்தனை பேர் கை மாறி வந்தது என்று சொல்ல முடியாதபடி துணுக்குகள் ஃபிளாப்பி வட்டுகளில் ஊர் ஊராகச் சென்றன.

பெயரின் கதி என்ன? துணுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயரிட இருபத்திரண்டு எழுத்துகள் கொள்ளும் இடம் கோப்பில் ஒதுக்கப்பட்டிருந்தது; மொத்தம் முப்பத்தொரு துணுக்குகள். இசையமைத்தவர்கள் அங்கே வாத்தியத்தின் பெயரை எழுதாமல் தம் பெயரை எழுதினார்கள். நண்பர்களுக்கு வணக்கம் சொன்னார்கள், முகவரி தந்தார்கள், திருடாதே என்று எச்சரித்தார்கள். சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவன் தன் ஊரும் பேரும் குறித்து வைப்பதை நினைவூட்டும் வழக்கம் இது. ஆனால் துணுக்கைத் தனியே எடுத்துவிட்டால் இந்தக் கையொப்பம் உடன் வராது.

அது வராமற்போனதால் நேர்ந்த ஒரு வழக்கு உண்டு. யானே சுனி என்ற பின்லாந்துக்காரர் நான்கு தடங்களில் அமைத்த ‘ஆசிட்ஜாஸ்ட் ஈவினிங்’ என்ற பாட்டு, 2000இல் அசெம்பிளி கூடுகையில் பழைய கணினிகளின் இசைக்கான போட்டியில் முதலிடம் பெற்றது. அதை நார்வேயைச் சேர்ந்த ஒருவர் கமடோர் 64 கணினிக்கு மாற்றி அமைத்தார். அக்கணினியின் சிட் சில்லுக்கு மூன்றே குரல்கள் என்பதால், நான்கை மூன்றில் அடக்கியதே ஒரு சாதனை. 2006இல் நெல்லி ஃபர்டாடோவின் ‘லூஸ்’ தொகுப்பு வெளிவந்தது. அதில் டிம்பலாண்ட் உருவாக்கிய ‘டூ இட்’ பாட்டில் அதே மெட்டு ஒலிப்பதை மறு ஆண்டு ஆர்வலர்கள் கண்டு கொதித்தார்கள். சுனியிடமிருந்து உரிமை பெற்ற நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2011இல் புளோரிடாவின் கூட்டரசு நீதிமன்றமும், 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வழக்கை ஏற்கவில்லை. மெட்டு எடுத்தாளப்பட்டதா என்ற கேள்வியின் மீது வந்த தீர்ப்பன்று அது. அமெரிக்காவில் பதிப்புரிமையைப் பதிவு செய்துவிட்டு வழக்காட வந்தார்களா, முதலில் எந்த நாட்டில் வெளியானது என்பவையே அங்கு விவாதமாயின. இணையத்தில் இலவசமாக வெளியிட்டவனுக்கு இந்தக் கேள்விகள் முன்கூட்டித் தோன்றியிருக்குமா என்ன?

படங்களின் கதை இன்னும் கரடுமுரடானது. பிடித்த ஆட்டத்தின் உருவங்களை அப்படியே வெட்டி எடுத்துத் தம் ஆட்டத்தில் ஒட்டுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பயில்வதற்கு அது நல்ல வழிதான் என்று நினைக்கிறேன், வெளியிடும்போதுதான் இடறும். பழைய ‘மெட்ராய்ட் 2’ ஆட்டத்தை ரசிகர் ஒருவர் பல்லாண்டு உழைத்து மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் நிண்டெண்டோவின் கோரிக்கையால் அது இறக்கப்பட்டது. சட்டம் நிறுவனத்தின் பக்கம்தான். இருந்தாலும் அந்த உழைப்பை எண்ணினால் மனம் கனக்கிறது.

எதிர்த்திசையில் சென்றவர் ஜப்பானின் டைசுகே அமயா. ஐந்தாண்டுகள் ஓய்வு நேரத்தில் தனியாளாக உழைத்து, 2004 டிசம்பரில் ‘கேவ் ஸ்டோரி’யை இலவசமாக வெளியிட்டார். கதை, நிரல், படம், இசை எல்லாம் அவரே. இசை வேண்டுமென்றபோது அவர் இசையைத் தேடவில்லை. இசையமைக்கும் கருவியையே முதலில் செய்தார். ‘ஆர்கன்யா’ எனப்பட்ட அந்த வடிவத்தில் மெட்டுக்கு எட்டுத் தடங்கள், தாளத்துக்கு எட்டு. தேர்ந்துகொள்ள நூறு அலைவடிவங்கள். திரையோ 320க்கு 240 புள்ளிகள் மட்டுமே. ஒரே கை செய்ததன் ஒருமை அந்த ஆட்டத்தில் முழுக்கத் தெரியும். ஒலிக்கும் ஒவ்வொரு சுரமும் திரையிலுள்ள புள்ளிகளைப் போலவே சிறிதாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

எல்லோராலும் ஐந்தாண்டு செலவிட இயலுமா? நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆட்டம் செய்யும் ‘லூடம் டேர்’ போட்டிக்காக, 2007 டிசம்பரில் டோமாஸ் பெட்டர்சன் ‘எஸ்எஃப்எக்ஸ்ஆர்’ என்ற சிறு கருவியை எழுதினார். நாணயம் எடுப்பது, சுடுவது, வெடிப்பது, குதிப்பது என்று சில பொத்தான்கள். அழுத்தும்போதெல்லாம் புதிதாக ஓர் ஓசை பிறக்கும். அதன் பின் வந்த பொழுதுபோக்கு ஆட்டங்கள் பலவற்றில் ஒரே குடும்பத்துக் கீச்சொலி கேட்பதற்கு இதுவே காரணம். சற்றுச் சலிப்பூட்டுவதுதான். ஆனால் யாரிடமும் கடன்படாத ஓசை.

2009இல் தொடங்கிய ‘ஓபன்கேம்ஆர்ட்’ தளம் கடனை ஒளிக்காமல் கணக்கெழுதி வைக்கும் வழியைத் தேர்ந்தது. 2012இல் கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஆகியவற்றோடு சேர்ந்து அது ‘லிபரேட்டட் பிக்ஸல் கப்’ போட்டியை நடத்தியது. முதற்கட்டம் ஓவியர்களுக்கு, அடுத்தது நிரலாளர்களுக்கு. கட்டம் 32க்கு 32 புள்ளிகள். பார்வைக் கோணம், நிழல் எல்லாவற்றுக்கும் பொது விதி. அதனால் ஒருவர் வரைந்த உடலின் மீது வேறொருவர் வரைந்த சட்டை பிசகாமல் பொருந்தியது. எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம். ஆனால் வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே நிபந்தனையில் பிறருக்குத் தர வேண்டும்.

அந்தப் படங்களிலிருந்து விரும்பிய உருவத்தைக் கூட்டித் தரும் கருவி ஒன்று இணையத்தில் இருக்கிறது. முடி, மேலங்கி, வாள், காலணி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து முடித்ததும் படத்தோடு ஒரு பட்டியலையும் இறக்கிக்கொள்ளலாம். முடியை வரைந்தவர், அதற்கு நிறம் மாற்றியவர், காலணியைத் திருத்தியவர் என்று கட்டைவிரல் உயரமுள்ள ஒரு சிற்றூர்க்காரனுக்கே பெயர்கள் வரிசையாக நீள்கின்றன.