விண்மீன்களின் இரும்பு

வண்ணார்பேட்டையில் சுலோசன முதலியார் பாலத்தின்மீது நின்று தாமிரபரணிக்கு மேலே ஒளிரும் நட்சத்திரங்களை நோக்குவோர்க்கு, அவற்றுள் எது கிரகங்களை உடையது என்பது கண்ணுக்குத் தெரியாதாயினும், அவ்வொளியை நிறமாலையாக விரித்து, மஞ்சள் பகுதியில் அருகருகே நிற்கும் சோடியத்தின் இரட்டைக் கோடுகளைப் போன்ற கருங்கோடுகளின் ஆழத்தை அளந்தால், அந்த நட்சத்திரத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பது புலப்படும்; அதுவே கிரகங்களைப் பற்றியும் ஒரு குறிப்பைத் தரும்.

ஆனால் கோட்டின் கருமையை மட்டும் நம்புதல் ஆகாது. வெப்பநிலை மாறினால் அதுவும் மாறும் என்னும் நுட்பத்தை 1920இல் கல்கத்தாவின் இயற்பியலாளர் மேகநாத சாகா சமன்பாடாக வகுத்தளிக்க, அதனைக் கைக்கொண்டே வானியலாளர் சிசிலியா பெய்ன் 1925இல் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கணித்தார்.

நம் நாட்டில், கோடைக்கானலில் 1899இல் தோன்றிய வானாய்வகம் சூரியனை ஆராய்ந்தது. தொலைநட்சத்திரங்களின் நிறமாலைக்கோ, வானியலாளர் வைணு பாப்பு திட்டமிட்டு, அவர் மறைந்தபின் 1986இல் ஜவ்வாது மலைக் காவலூரில் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வேண்டியிருந்தது.

பெருங்கிரகங்களை உடைய நட்சத்திரங்களில் இரும்பு மிகுந்திருப்பதை 1997இல் வானியலாளர் கில்லெர்மோ கொன்சாலஸ் சுட்டிக்காட்டினார். பிற்கால ஆய்வுகளும் அதனை உறுதிசெய்தன. அந்த அளவீடுகளுக்கும் அடிப்படையாக நிற்பது சாகாவின் சமன்பாடே. பாரத விஞ்ஞானம் உலகுக்கு அளித்த கொடைகளுள் அதற்கே முதலிடம் தருவேன்.