சேற்றுக்கால் நாயும் எலிக்காய்ச்சலும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்களுக்கெல்லாம் ஒரே பாடுதான். காலையில் நடத்திக் கூட்டிவந்தால் நாலு காலும் வயிறும் சேறு. உடம்பைச் சிலிர்த்தால் சுவரெல்லாம் கோலம். எங்கள் வீட்டில் வாசல் குழாயடியில் கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவோம். தரை அழுக்காகுமே என்பது வீட்டம்மாவின் கவலை. என் கவலை எலிக்காய்ச்சல்.

1886இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர், காய்ச்சலும் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு நோயை விவரித்து எழுதினார். காரணம் பிடிபடவில்லை. 1907இல் அமெரிக்காவின் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். நுனி கேள்விக்குறி போல வளைந்திருந்ததால் அந்தப் பொருளிலேயே பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான், அன்று யாரிடமும் விடை இல்லையே!

விடை ஜப்பானில் கிடைத்தது. க்யூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பிடித்த காமாலைக்கு இவ்வகைக் கிருமியே காரணம் என்று 1915இல் இனாடாவும் இடோவும் காட்டினார்கள். அதைச் சுமப்பது எலி, அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியே பரவுகிறது என்பதும் விரைவில் தெளிவாயிற்று.

நாய்களும் தப்பவில்லை. 1898இல் ஸ்டுட்கார்ட் நகர நாய்க் கண்காட்சியை ஒட்டிப் பரவிய நோய்க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 1930களில் ஹாலந்து ஆய்வாளர்கள் நாய்களிடமிருந்தே ஒரு தனி வகையைப் பிரித்தெடுத்தார்கள். நம் பக்கத்தில், அந்தமானில் இந்நோய் இருப்பதைப் பற்றிய டெய்லர், கோயல் ஆய்வு 1931இல் வெளிவந்தது.

நாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே கிருமி அதன் சிறுநீரில் வெளியேறலாம். ஈர மண்ணில் அது வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். நம் கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். அதனால் கழுவும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரை நாயைக் குடிக்க விடாதீர்கள். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், வீட்டில் நாய் இருப்பதையும் சேற்றில் நடந்ததையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும்.

துடைப்பதற்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்சியது இல்லை. விரல் இடுக்குகளில் மட்டும் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.