23 வருடம் பூட்டிக் கிடந்த கதவு

போன கிழமை தம்பி கணினிக்கு முன்னால் இருந்து கத்தினான். "மூண்டு வருஷமாச்சு அக்கா, இன்னும் முடிக்கேல்லை. காசை வாங்கிக்கொண்டு ஏமாத்துறாங்கள்!"

பிறந்தநாள் காசில் வாங்கிய கேம். முடிப்பதற்கு முன்பே விற்பனைக்கு வந்தது. இதை 'ஏர்லி அக்சஸ்' என்பார்கள். கட்டி முடியாத வீட்டில் குடிபுகுவது மாதிரி. எத்தனை மணித்தியாலம் விளையாடினாய் என்று கேட்டேன். 140 என்றான், கொஞ்சம் மெதுவாக.

இந்த வழக்கம் புதிதல்ல. மைன்கிராஃப்ட் 2009 மே மாதம் அரைகுறையாகத்தான் வெளியில் வந்தது. முழுப் பதிப்பு 2011 நவம்பரில். அதற்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்கியிருந்தார்கள். 2013 மார்ச்சில் ஸ்டீம் இதற்கென்றே ஒரு பகுதியைத் திறந்தது. இப்போது இருக்கிற நிலையில் விளையாட விருப்பமில்லை என்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்று அங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள். யார் வாசிக்கிறார்கள்?

'புரொஜெக்ட் சோம்பொயிட்' கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2011இல் அதைச் செய்தவர்களின் வீட்டில் திருடர்கள் புகுந்து இரண்டு மடிக்கணினிகளைக் கொண்டுபோனார்கள். வேறெங்கும் நகல் எடுத்து வைக்காததால் பல மாத வேலை போயிற்று. விளையாடுபவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அந்தக் குழு வாயை மூடவில்லை. என்ன செய்கிறோம், எது சரிவரவில்லை என்று தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தது. 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்த அந்தக் கேம், 2021 டிசம்பரில் ஒரு பெரிய அப்டேட் விட்டபோது புது ஆட்கள் குவிந்தார்கள். அப்போதும் அது ஏர்லி அக்சஸ்தான்!

தம்பியின் கேமைச் செய்பவர்கள் பதினொரு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அவனுக்கு வலிப்பது மூன்று வருடமா, இந்தப் பதினொரு மாதமா என்று யோசித்துப் பார்த்தேன். பதினொரு மாதம்தான் என்று எனக்குப் படுகிறது.

பலெர்மோக்காரருக்குக் காத்திருப்பது தெரியும். இங்குள்ள தெயாத்ரோ மாசிமோ ஓபரா அரங்குக்கான போட்டி 1864இல் அறிவிக்கப்பட்டது. அடிக்கல் 1875இல். 1882 முதல் 1890 வரை வேலையே நடக்கவில்லை. வரைந்து கொடுத்த பசீலே 1891இல் இறந்துபோனார். மகன் எர்னெஸ்தோ முடித்தார். 1897 மே 16ஆம் தேதி வேர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபராவோடு திறந்தார்கள்.

இதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. திருத்த வேலை என்று 1974இல் மூடினார்கள். திரும்பத் திறந்தது 1997 மே மாதம். 23 வருடம்! அப்பா 1991இல் இங்கு வந்தபோது தினமும் அந்தப் படிகளைக் கடந்துதான் வேலைக்குப் போவாராம். உள்ளே எப்படி இருக்கும் என்று கூட வேலை செய்த இத்தாலியப் பெடியனிடம் கேட்டாராம். "எனக்கும் தெரியாது, நான் பிறக்கேக்கையே பூட்டித்தான் கிடந்தது" என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கால்சா பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே லோ ஸ்பாசிமோ என்ற தேவாலயம் இருக்கிறது. 1500களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கினார்கள். துருக்கியர் படையெடுத்து வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் நகரக் கோட்டையைப் பலப்படுத்தப் போனதால் வேலை நின்றது. அதற்காக அதை யாரும் பூட்டி வைக்கவில்லை. நாடகம் போட்டார்கள். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளைக் கிடத்தினார்கள். பிறகு நெடுங்காலம் ஆஸ்பத்திரி. இப்போது கச்சேரிகள் நடக்கின்றன. நடுவில் ஒரு மரம், மேலே வெறும் வானம்.

தம்பி நெடுநேரம் அண்ணாந்து பார்த்தான்.

"கூரை எந்த அப்டேட்டில வரும் அக்கா?"