தமிழ்த் திரையில் வானொலி

தமிழ்ப் படங்களில் வானொலி மூன்று வேடங்களில் வருகிறது: ஒளித்துவைத்த ஒலிபரப்புக் கருவி, வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டி, கண்ணாடிச் சுவருக்குள் இயங்கும் நிலையம். வெகுகாலம் கேமரா பெரிதும் நேயர் பக்கமே நின்றது. தனியார் எஃப்.எம். வந்த பிறகுதான் அது அடிக்கடி மைக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அங்கே அது கண்டது பெரும்பாலும் ஒரு பெண்ணை.

பின்னணி

சென்னையில் 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் அடுத்த ஆண்டும் பிறந்தன. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அலைவரிசையிலிருந்து ஒதுக்கியபோது தமிழ்நாட்டு நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957இல் வந்த விவித் பாரதி அவர்களில் பலரை மீட்டது. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது.

உளவாளியின் கருவி

ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன், ரேடியோப் பொறியாளர். தன் ஆராய்ச்சியை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பில் ஜப்பானுக்குத் தகவல் அனுப்பும் ஒற்றனாகிறான். கதை நடப்பது 1943இல், சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய காலத்தில். இங்கே ரேடியோ பாட்டுப் பெட்டி அல்ல; ஒருவன் தன் வீட்டிலிருந்தே நாட்டைக் காட்டிக்கொடுக்க உதவும் கருவி. அதே போர்க்காலத்தில் உஷா மேத்தா பம்பாயில் நடத்திய ரகசிய காங்கிரஸ் வானொலியோ விடுதலையின் குரலாக இருந்தது. அதை இந்திப் படமான ‘ஏ வதன் மேரே வதன்’ (2024) சொல்கிறது.

அரசு நிலையம்

மணிரத்னத்தின் ‘தில் சே’ (1998, தமிழில் ‘உயிரே’) நாயகன் அகில இந்திய வானொலி ஊழியன். மழை இரவில் ஒரு ரயில் நிலையத்தில் தான் பார்த்த பெண்ணைப் பற்றி அவன் வானொலியில் கதையாகச் சொல்கிறான். ஊர் கேட்க ஒலித்தாலும், அது உண்மையில் அவள் ஒருத்திக்கான கடிதம். இந்திப் படமான ‘ரங் தே பசந்தி’யில் (2006) இளைஞர்கள் டெல்லி வானொலி நிலையத்தையே கைப்பற்றி, தாங்கள் செய்த கொலையை நேரலையில் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆர்.ஜே. வருகை

‘சிவா மனசுல சக்தி’ (2009) நாயகி ஓர் ஆர்.ஜே., அதாவது வானொலி அறிவிப்பாளர். ‘பெங்களூர் நாட்கள்’ (2016) படத்தில், மலையாள மூலத்தில் ஏற்ற அதே வேடத்தில் பார்வதி நடித்தார். சக்கர நாற்காலியில் இயங்கும் அந்த அறிவிப்பாளரின் குரல்தான் நாயகனை முதலில் ஈர்க்கிறது. ராதாமோகனின் ‘காற்றின் மொழி’ (2018), இந்தி ‘தும்ஹாரி சுலு’வின் மறுவடிவம். ஜோதிகா ஏற்ற இல்லத்தரசி விஜயலட்சுமி, இரவு நிகழ்ச்சி நடத்தும் ஆர்.ஜே. ஆகிறாள். முகம் தெரியாதவர்கள் தொலைபேசியில் அழைத்து வழிந்தாலும் அவள் சிரித்தே பேச்சை அவர்களின் தனிமைப் பக்கம் திருப்பிவிடுகிறாள். வீட்டிலோ கணவனுக்கும் உறவினருக்கும் அந்தச் சிரிப்புதான் உறுத்தல். வேலைக்குப் போகும் பெண்ணின் பழைய கதைதான்; ஊரே கேட்கும் குரல் என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

பெட்டியின் கதை

ஹரி விஸ்வநாத்தின் ‘ரேடியோ பெட்டி’ (2015) மறுபடி நேயர் பக்கம் திரும்பியது. பழைய வானொலிப் பெட்டியோடு வாழ்ந்து பழகிய முதியவர் அருணாசலம். பூசான் திரைப்பட விழாவில் இப்படம் பார்வையாளர் விருது பெற்றது.

சினிமா வானொலியைக் காட்டியதுபோல, வானொலியும் சினிமாவை ‘ஒலிச்சித்திரம்’ ஆக்கிக் காட்டியது. முழுப் படத்தின் வசனமும் பாட்டும் சுருக்கமாக ஒலிபரப்பாகும். காட்சி கேட்பவர் கற்பனைக்கு விடப்படும். ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டாகி டீக்கடை டீக்கடையாக ஒலித்தது.

திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தின் வானொலி வர்ணனையும், காட்சியை ஒலியால் உணர்த்தும் இதே கலைதான். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளியே வருவார். அப்போதே 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏறும். கொப்பரை, திரி, நெய், ‘அரோகரா’ என்னும் கூட்டத்தின் முழக்கம் எல்லாவற்றையும் சொல்லால் காட்டி, அந்த நொடி தவறாமல் பேச வேண்டியவர் வர்ணனையாளர். மேலே சொன்ன படங்கள் எதிலும் அவர் இல்லை.