சிலிண்டர், பெட்ரோல், கரண்ட் பில்: மூன்றையும் குறைக்க எதை முதலில் மாற்றணும்? அருப்புக்கோட்டை, திருச்சுழி வீடுகளுக்கு ஒரு கணக்கு

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. மழைக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. இந்த வெயிலை நம்பித்தான் திருச்சுழிக்குத் தென்கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது. அதே வெயில் நம்ம மொட்டை மாடியிலும் விழுகிறது.

அதுக்காக சோலார், இ-ஸ்கூட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என எல்லாத்தையும் ஒரே வருடத்தில் கடன் வாங்கி மாற்றினால், மிச்சமாகும் பணம் வட்டிக்கே போய்விடும். பழைய பொருள் ஆயுள் முடியும்போது அதற்குப் பதிலாகப் புதியதை வாங்குவதுதான் நிதானமான வழி. அதற்கு 8 முதல் 10 ஆண்டு வரை ஆகலாம். எந்த வரிசையில் மாற்றுவது? பார்க்கலாம்.

முதல் வேலை: கணக்கு எழுதுவது

கடைசி 6 மின் கட்டண ரசீதுகளை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரசீது என்பதால் ஒரு முழு வருடம் தெரிந்துவிடும். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, மாதம் எத்தனை லிட்டர் பெட்ரோல் போடுகிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எங்கே அதிகம் செலவாகிறதோ அங்கேதான் முதலில் கை வைக்கணும்.

குறைந்த செலவு, உடனடி பலன்: ஃபேன்

பழைய ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். வெயில் காலத்தில் தினம் 15 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் வரை மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் 120 யூனிட்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் நடைமுறைக்கு வந்தது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும். அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை அதிகமான மேல்படியில் இருந்துதான் கழிகிறது.

பெட்ரோல்: தினம் எவ்வளவு தூரம்?

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழிக்கு தினம் வேலைக்குப் போய்வந்தால் 30 கி.மீ. வரும். மாதம் 900 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 20 லிட்டர் வேணும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 2,000 ரூபாய். அதே தூரத்துக்கு இ-ஸ்கூட்டர் சுமார் 30 யூனிட் எடுக்கும். மேல்படி கட்டணம் போட்டாலும் பெட்ரோல் செலவைவிட மிகக் குறைவுதான்.

ஆனால் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் தினம் 5 கி.மீ. ஓடும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மாதம் மூணு, நாலு லிட்டர் பெட்ரோலை மிச்சப்படுத்த லட்ச ரூபாய் வண்டி தேவையில்லை. இருக்கும் வண்டி ஓயும் வரை ஓட்டலாம். அடிக்கடி மதுரை போய்த் திரும்புபவர்கள், ஒரே சார்ஜில் 100 கி.மீ. நிஜமாகவே ஓடுமா என்று கேட்டு உறுதி செய்த பிறகு வாங்குங்கள்.

சமையலறை: ஒரு சிலிண்டருக்கு எத்தனை யூனிட்?

14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய தோராயமாக 120 யூனிட் ஆகும். கேஸில் பாதி அளவு சூடு பாத்திரத்துக்கு வெளியே வீணாகிறது, இண்டக்‌ஷனில் வீணாவது குறைவு. இரும்பு தோசைக்கல் இதில் வேலை செய்யும். அலுமினியப் பாத்திரமும் மண்சட்டியும் சூடாகாது.

முக்கியமான எச்சரிக்கை: இண்டக்‌ஷன் 2,000 வாட் வரை இழுக்கும். பழைய 5 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் வயர் உருகும். எர்த் உள்ள தனி 15 ஆம்பியர் லைன் போட்ட பிறகே பயன்படுத்தணும். கரண்ட் போனால் சமைக்க ஒரு சிலிண்டர் கையிருப்பில் இருக்கட்டும்.

'சீமைக் கருவேல விறகு சும்மாவே கிடைக்குதே' என்று கேட்கலாம். விறகு நிலக்கரி, பெட்ரோல் போல நிலத்தடி எரிபொருள் இல்லைதான். ஆனால் அடுப்படியில் நிற்பவரின் நுரையீரலுக்குப் புகையால் வரும் கேடு பெரிது. கேஸை விட்டு விறகுக்குத் திரும்புவது தீர்வாகாது.

சோலார்: எத்தனை கிலோவாட் போடணும்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இன்றைய பில்லைப் பார்த்து பேனல் அளவை முடிவு செய்தால், அடுப்பும் வண்டியும் கரண்டுக்கு மாறும்போது அது பத்தாமல் போகும்.

உதாரணத்துக்கு, இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எடுக்கும் வீடு. ஃபேன் மாற்றினால் 180. இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டருக்குப் பதில் இண்டக்‌ஷன் என்றால் கூட 120. வண்டிக்கு 60. மொத்தம் 360 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊரில் தினம் சராசரியாக 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். அப்போ இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். அதற்கு நிழல் விழாத 200 சதுர அடி இடம் வேணும்.

2024-ல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேனல் பொருத்தி முடித்த பிறகுதான் இது வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையை முதலில் நீங்கள்தான் புரட்டணும். அரசு வங்கிகளில் பிணையில்லாக் கடன் கிடைக்கும். மானியம் போக மீதிக்கு மட்டும் தவணை எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

யாருக்கு அவசரம் இல்லை?

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் எடுக்கும் வீட்டுக்கு பில்லே குறைவுதான். அவர்கள் அடுப்பும் வண்டியும் மாறும் வரை பேனலுக்குக் காத்திருக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், காலி செய்யும்போது எடுத்துப்போகக்கூடிய ஃபேன், இண்டக்‌ஷன், வண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆஸ்பெஸ்டாஸ், ஓட்டுக் கூரை என்றால் பாரம் தாங்குமா என்று பார்க்காமல் பேனல் ஏற்ற வேண்டாம்.

போடும் முன் தெரிய வேண்டியவை

* பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு இது.
* ஆடிக் காற்றைத் தாங்கும் ஸ்டாண்டும் போல்ட்டும் இருக்கா என்று நேரில் பாருங்கள்.
* புழுதி படிந்தால் உற்பத்தி குறையும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் நிற்கும். காலையில், பேனல் சூடாகும் முன், நல்ல தண்ணீரில் துடைக்கணும்.
* தோட்டத்துக் கிணற்றில் டீசல் மோட்டார் ஓட்டுபவர்கள், மானியத்தில் சோலார் பம்ப் பெற வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். எரிபொருள் செலவு இல்லை என்று நாள் முழுக்க இறைத்தால், வறண்ட மண்ணில் கிணறு சீக்கிரம் வற்றிவிடும்.

சுருக்கமாக வரிசை: இந்த வருடம் கணக்கும் ஃபேனும். அடுத்து வயரிங், இண்டக்‌ஷன். வண்டி ஓயும்போது இ-ஸ்கூட்டர். இவை முடிவானதும் அதற்கேற்ற அளவில் பேனல். மானிய விதிகள் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் மின்வாரிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.